நான் சொன்ன ரைட்

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆடிப் பதினெட்டு. தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்வரும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டராகச் சேர்ந்து ஏழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் மலைப்பாதையில் நடந்ததை என் பிள்ளைகளுக்கே பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொல்ல வெட்கம். இப்போது வயதாகிவிட்டது, வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்? முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன். அதியமான்கோட்டைப் பக்கம் எங்கள் சின்ன ஊரில் முதல் பட்டதாரி நான்தான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மூன்று வருடம் தபால்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில் தோள்பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஊரில் சும்மா விடுவார்களா? இவ்வளவு இங்கிலீஷ் படித்தது ரைட்டு ரைட்டு என்று கத்துவதற்குத்தானா என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

அன்றிலிருந்து அந்தச் சொல்லின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. ஆனால் வெறுக்கிற சொல்தானே நாள் முழுக்கக் காதில் விழும்? பஸ் கிளம்ப ரைட். பரீட்சைத் தாளில் வாத்தியார் போடுகிற கொக்கிக்கும் ரைட். பென்னாகரம் ஸ்டாண்டில் இருக்கும் டைம் கீப்பர், இன்றைக்கு ரைட் டைம் என்று அதிசயமாகச் சொல்வார். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறவர் தனக்கு ரைட்ஸ் இருக்கிறது என்பார். பஞ்சாயத்துத் தலைவரோடு ஒட்டிக்கொண்டே திரிகிற ஆளைக் காட்டி, அவருக்கு இவர்தான் ரைட் ஹேண்ட் என்பார்கள். ஒருமுறை பெண் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு குடும்பம் ஏறியது. பேச்சு எல்லாம் ஓய்ந்த பிறகு அதில் பெரியவர் ஒருவர் பெருமூச்சு விட்டு, “ரைட்டு” என்றார். இந்த இடம் சரிப்படாது என்று அதற்கு அர்த்தம். எந்த டிக்‌ஷனரியில் இருக்கிறது இது?

பொழுது போகாதபோது டிரிப் ஷீட்டின் பின்பக்கம் இந்த அர்த்தங்களை எல்லாம் எழுதி எண்ணிப் பார்ப்பேன். பத்தொன்பது வரைக்கும் வந்திருந்தது. படித்தவன் என்ற திமிர், வேறென்ன. எண்ணுவேனே தவிர, என் வாயால் சொல்ல மாட்டேன். எதற்கெடுத்தாலும் விசில்தான். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் புறப்படும். கௌரவமும் மிச்சம், தொண்டையும் மிச்சம்.

எங்கள் டிரைவருக்கு என் வயதுதான் இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். லாரி ஓட்டிப் பழகி பஸ்ஸுக்கு வந்தவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். என்னை பி.ஏ. என்றுதான் கூப்பிடுவார், ஆனால் மரியாதை குறையாமல். உண்மையைச் சொன்னால் நான் அவரை அப்போது பெரிதாக மதிக்கவில்லை.

ஆடிப் பதினெட்டன்று ஒகேனக்கல்லில் எள் போட்டால் எள் விழாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஒரு கூட்டம், பரிசலுக்கு ஒரு கூட்டம், மீன் வறுக்கிற கடைகளைச் சுற்றி ஒரு கூட்டம். போதாததற்குத் திருவிழாக் கடைகளில் பிளாஸ்டிக் விசில் வேறு. ஊருக்குத் திரும்ப எங்கள் பஸ்ஸில் ஏறிய குழந்தைகளில் பாதிப் பேர் வாயில் அதுதான். ஸ்டாண்டை விட்டுக் கிளம்புவதற்குள் இரண்டு முறை குழந்தைகள் அடித்த விசிலுக்கு வண்டி நகர்ந்துவிட்டது. படியில் காலை வைத்திருந்த ஓர் அம்மா விழப் பார்த்தார்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “இன்னைக்கு விசில எடுத்து உள்ள வெச்சிருங்க பி.ஏ. வாயால சொல்லுங்க. இத்தனை விசில்ல எது உங்க விசில்னு நான் கண்டேன்?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் விசிலைப் பையில் போட்டேன். முதல்முறையாக வாயைத் திறந்து ரைட் என்றேன். ரகசியம் சொல்வதுபோல வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மலையில் பாதி தூரம் ஏறியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால், எதிரே சோடாப் பெட்டிகள் ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்து நின்றது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்று பஸ்ஸும் ஒரு ஜீப்பும். அவர்களால் பின்னால் போக வழியில்லை. எங்களுக்குப் பின்னால் ரோடு காலியாக இருந்தது. நாங்கள்தான் இறக்கத்தில் ரிவர்ஸ் போக வேண்டும். இருநூறு அடி கீழே போனால் ரோடு அகலமாகும், அங்கே ஒதுங்கிக்கொள்ளலாம்.

கேட்க ஒன்றும் பெரிய காரியமாகத் தெரியாது. ஆனால் இடது பக்கம் முழுக்கப் பள்ளத்தாக்கு. டிரைவர் உட்கார்ந்திருப்பது வலது பக்கம். இடது பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்பதை அவரால் பார்க்கவே முடியாது. முந்தின வாரம் பெய்த மழையில் ஓரத்துக் கட்டைச் சுவர் வேறு ஓரிடத்தில் சரிந்து கிடந்தது.

எல்லோரையும் இறக்கிவிடச் சொன்னார். நான் பஸ்ஸுக்குள் நின்று எல்லாரும் இறங்குங்கள் என்று நான்கு முறை கத்தினேன். மேலே கூரையில் இருந்தவர்களும் இறங்கினார்கள். ஜனங்கள் மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். கீழிருந்து வண்டி எதுவும் வந்தால் நிறுத்தச் சொல்லி இரண்டு பேரை அனுப்பினேன். பிறகு பஸ்ஸுக்குப் பின்னால் இடது மூலையில் போய் நின்றேன். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார்.

“ஆளுங்க எல்லாம் எறங்கிட்டாங்களா?”

“எறங்கிட்டாங்க.”

“அப்ப விடாம சொல்லிக்கிட்டே வாங்க. உங்க சத்தத்துலதான் வண்டி வரும்.”

ஆரம்பித்தேன். ரைட், ரைட், ரைட். வண்டி அங்குலம் அங்குலமாக வந்தது. கூச்சம் எல்லாம் அப்போது எங்கே போனதென்று தெரியவில்லை, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கொஞ்ச தூரம் போவதற்குள் ஜனங்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. வாலிபப் பசங்கள் முப்பது பேர், வரட்டும் வரட்டும், ரைட் ரைட் என்று கூடவே கத்த ஆரம்பித்தார்கள். தேர் இழுக்கிற மாதிரி ஆகிவிட்டது. விசில் வேறு பறந்தது.

கட்டைச் சுவர் சரிந்த இடம் வந்தது. பின்சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியதைப் பார்த்தேன். சக்கரத்துக்குக் கீழே இருந்து கூழாங்கற்கள் உருண்டு பள்ளத்தில் விழுந்தன. வண்டியை நிறுத்த ஹோல்டான் என்று சொல்ல வேண்டும். அதுதான் என் வேலை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாய் திறந்தபடியே இருக்கிறது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் முப்பது பேர் ரைட் ரைட் என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன்.

பஸ் நின்றது.

ஓரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் கத்திக்கொண்டுதான் இருந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து டிரைவரின் குரல் நிதானமாக வந்தது. “என்னங்க பி.ஏ.? சொல்லுங்க.”

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. முன்னால் எடுக்கச் சொன்னேன். வண்டியைக் கொஞ்சம் மேலே ஏற்றி, ஸ்டியரிங்கை ஒடித்து, மறுபடி பின்னால் இறக்கினார். மிச்ச தூரம் நான் கூட்டத்தை வாயைத் திறக்க விடவில்லை. வாத்தியார்கூட அப்படி அதட்டியிருக்க மாட்டார். அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றதும் லாரியும் மற்ற வண்டிகளும் எங்களைத் தாண்டிப் போயின.

டிரைவரிடம் போய்க் கேட்டேன். அத்தனை பேர் ரைட் சொன்னபோது எப்படி நிறுத்தினீர்கள், நான் ஒன்றுமே சொல்லவில்லையே என்றேன்.

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார். “ஊர் ஆயிரம் கத்தும், எனக்கெதுக்குங்க அது? உங்க சத்தம் நின்னுபோச்சு. நான் நிறுத்திட்டேன்.”

என் குரலுக்கு இப்படி ஒரு மதிப்பா! காலேஜில் மேடையேறிப் பரிசு வாங்கியபோதுகூட அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. அந்தப் பெருமையோடு ஜனங்களை ஏற்றிக்கொண்டு, இடம் பார்க்கப் பின்பக்கம் போனேன்.

கடைசி சீட்டில், மடியில் பச்சைக்குழந்தையோடு ஒரு பெண் முக்காடு போட்டுச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க அலைந்த அசதியில் அவள் இறங்கவே இல்லை, நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது. என் தோள்பை அவள்மேல் இடித்ததும் விழித்துப் பார்த்து, “பென்னாகரம் வந்துருச்சுங்களா அண்ணா?” என்று கேட்டாள்.

இல்லையம்மா, இன்னும் நேரமாகும் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல? அந்தச் சீட்டுக்கு நேர் கீழேதான் சக்கரம் மண்ணில் இறங்கியிருந்தது. நான்கு முறை கத்தியவன், நான்கு எட்டு வைத்துக் கடைசி சீட்டு வரைக்கும் நடந்து பார்க்கவில்லை. ஆள் இல்லை என்று நான் சொன்னேன், அவர் நம்பினார்.

பென்னாகரத்தில் அவளும் குழந்தையும் இறங்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டிரைவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். மறைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மனசு கேட்கவில்லை. கன்னடத்தில் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

“இனிமேட்டுக்குப் பாத்துட்டுச் சொல்லுங்க,” என்றார். “நீங்க சொன்னா நான் எடுத்துருவேன். எனக்குப் பின்னாடி கண்ணு இல்லீங்க.”

அவ்வளவுதான் சொன்னார். முதலாளியிடமோ மற்றவர்களிடமோ அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் இறங்கினேன். முன் சக்கரம், பின் சக்கரம், ஏணி, இரண்டு படி, உள்ளே கடைசி சீட்டு வரைக்கும் நடந்து பார்த்தேன். ஜனங்களுக்குப் பொறுமை போய் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டேன். படியில் ஏறி நின்று, ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ரைட் என்று குரல் கொடுத்தேன். வண்டி கிளம்பியது.

அதன் பிறகு இருபத்தொன்பது வருடம் அதே வேலைதான் பார்த்தேன். எத்தனையோ டிரைவர்கள் மாறினார்கள், வண்டிகள் மாறின. என் கண்ணால் பார்க்காமல் அந்தச் சொல்லை நான் ஒருநாளும் சொன்னதில்லை, நான் சொன்ன பிறகு வண்டியை எடுக்க எந்த டிரைவரும் தயங்கியதும் இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு இருக்கிற கர்வத்தை இந்த வயதிலும் குறைத்துக்கொள்வதாக இல்லை.