கொரியாவா, அயர்லாந்தா? கோப்பைத் தொட்டியில் நடந்த ஆராய்ச்சி

கோப்பை கழுவுகிறவனின் தொட்டிக்குள் எல்லா நாட்டுக்காரரும் எச்சில் தட்டாகத்தான் வந்து சேர்கிறார்கள். ஆகவே உலக மக்களைப் பற்றிப் பேச எங்களைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை என்பது என் தாழ்மையான கருத்து.

பாரிசில் கோப்பை கழுவிய, கழுவுகிற, இனிக் கழுவப்போகிற அன்பர்களே, இந்த நோய் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கை தண்ணீருக்குள் இருக்கும்போது மண்டை சும்மா இருக்காது. நானோ யாழ்ப்பாணத்தில் பொருளியல் படித்துப் பட்டம் வாங்கியவன். வேலையில்லாத மண்டைக்குள் பட்டமும் இருந்தால் கேட்க வேண்டுமா? பகலில் ஒப்பெரா பக்கம் ஒரு கொரிய உணவகம். மாலையில் அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் ஐரிஷ் பப். இரண்டும் அரை நேரம், இரண்டும் தற்காலிகம்.

என் பிரச்சினை வதனி. எங்கள் கலியாணம் திருச்சியில் நடந்தது. அகதி அட்டைக்காரன் ஊருக்குப் போக முடியாது என்பதால் இரண்டு வீட்டாரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். கலியாணம் முடிய அவள் கிளிநொச்சிக்குத் திரும்பினாள், நான் தொட்டிக்குத் திரும்பினேன். அவளை இங்கே கூப்பிட முழுநேர நிரந்தர வேலை ஒன்று காட்டவேண்டும் என்று விசாரித்த இடமெல்லாம் சொன்னார்கள். இரண்டு முதலாளிகளில் ஒருவரிடம் வாயைத் திறந்து கேட்டால் விஷயம் முடிந்தது. சாதாரண மனிதன் கேட்டிருப்பான். நான், இவர்களில் எந்தச் சமூகம் பொருளாதாரத்தில் உறுதியாகக் கால் ஊன்றியிருக்கிறது என்று முதலில் ஒப்பிட்டு ஆராய்வது, பிறகு கேட்பது என்று முடிவெடுத்தேன்.

இன்னொன்று. கொரியரும் ஐரிஷ்காரரும் நானும் பேசிக்கொண்டது பிரெஞ்சில். எல்லோருடைய பிரெஞ்சும் ஒரே அளவுக்கு மோசம். அதனால் எல்லோரையும் எங்கள் தமிழிலேயே பேச விட்டிருக்கிறேன்.

முதல் நாளே வயது

கொரிய உணவகத்தின் முதலாளி மதாம் ஹான். முதல் நாள் நான் ஏப்ரனைக் கட்டி முடிக்க முன்னமே, என்ன வயது, கலியாணம் முடித்தாயா, பிள்ளைகள் எத்தனை, தகப்பன் என்ன வேலை செய்தவர் என்று வரிசையாகக் கேட்டார். பிரெஞ்சுக்காரன் பத்து வருடம் பழகியும் கேட்காத கேள்விகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. கொரியரும் எங்களைப் போன்றவர்கள், ஆகவே கட்டாயம் முன்னேறுவார்கள் என்று அன்றே முதலாவது முடிவை எழுதினேன். அதில் எங்கே பொருளியல் இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அடுத்த கிழமை, கோவா என்கிற முட்டைக்கோசுக்கு மிளகாய்த்தூள் பிரட்டிக்கொண்டிருந்த மதாமிடம் என் ஆராய்ச்சியின் முதல் கேள்வியைப் போட்டேன்: உங்கள் ஆட்கள் பாரிசுக்குக் கடை போடத்தான் வருகிறார்களா? அவர் கையுறையைக் கழற்றாமலே விரல்களை விரித்துக் காட்டினார். அவர் வந்தது சங்கீதம் படிக்க. உள்ளே இறைச்சி வெட்டுகிறவர் சிற்பம் படிக்க வந்தவர். படிப்பு முடிந்தது, விசா முடியப்போனது, ஊரில் தகப்பன் முகத்தில் முழிக்க வெட்கம், ஆகவே கடை.

"பியானோ வாசிக்க வந்தனான். பத்து விரலும் இப்ப கோவாக்குள்ளை கிடக்குது."

விசா எடுக்காதவள்

பப்பில் பியர் ஊற்றுகிறவள் நீவ். டப்ளினில் கட்டட வரைஞர். வங்கிகள் விழுந்த பிறகு அவளுடைய ஊரில் ஒரு வீடும் எழும்பவில்லை, ஆகவே இங்கே வந்து பியர் ஊற்றுகிறாள். படித்த வேலை கிடைக்காமல் நிற்கிற இன்னொரு ஆளைக் கண்டதில் எனக்கு உள்ளூரச் சந்தோசம். அது கெட்ட புத்தி என்று தெரியும், என்றாலும் சந்தோசம்.

ஒருநாள் கிளாஸ் தட்டைத் தொட்டியடிக்குக் கொண்டுவந்தபோது, எந்த வழியாக வந்தீர், விசா எப்படி எடுத்தீர், அட்டை கிடைக்க எவ்வளவு காலம் இழுத்தார்கள் என்று அனுதாபத்தோடு விசாரித்தேன். என் கதையையும் சொல்வதற்குத் தயாராக வைத்திருந்தேன்: மூன்று நாடு, ஒரு கொள்கலன், விடியமுன் போய் நின்ற வரிசைகள். அது நல்ல கதை. எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் அதைக் கேட்டு ஆட்கள் தேத்தண்ணிக் காசு கட்டியிருக்கிறார்கள். நீவ் என்னை விளங்காமல் பார்த்தாள். அவள் வெள்ளிக்கிழமை வந்திறங்கி, அன்று பின்னேரமே இந்த பப்பில் வேலை தொடங்கியவள்.

"விசாவோ? நான் பிளேன் டிக்கெட் எல்லோ எடுத்தனான்."

லாச்சப்பல் விரிவுரை

ஞாயிற்றுக்கிழமைகளில் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் என் ஆராய்ச்சி அரங்கேறும். தலைமை குணா அண்ணை. எண்பதுகளில் வந்தவர், அதே பக்கத்தில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். கொரியன் படிப்புக்கு வந்து கடைக்குள் விழுந்தவன், ஐரிஷ்காரன் வேலைக்கு வந்து வேலையிலேயே இருக்கிறவன், ஆகவே நீண்டகால முதலீடு கொரியாவிடம், ஆனால் ஐரோப்பாவுக்குள் விசா இல்லாமல் வேலை செய்ய விடுகிற பாஸ்போர்ட் பலம் அயர்லாந்திடம் என்று நான் மேசையில் விரலால் கோடு போட்டு விளக்குவேன். ஆட்கள் றோல்ஸ் கடித்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

ஒருமுறை விரிவுரையின் நடுவே வதனி எடுத்தாள். கைத்தொலைபேசி சத்தமாகப் பேசுகிற சாமான். "கேட்டியளே?" என்றாள். "இன்னும் இல்லையப்பா. இப்ப கொரியாக்காரரைப் பற்றி ஒரு முக்கியமான விசயம் பிடிபட்டிருக்கு" என்றேன். அந்தப் பக்கம் அவள் போனை வைத்துவிட்டாள். கடையில் ஆட்கள் றோல்ஸ் கடிப்பதை நிறுத்தினார்கள். குணா அண்ணை என் தோளில் கை போட்டார்.

"தம்பி, உம்மட ஆராய்ச்சி முடியேக்கை அந்தப் பிள்ளை அங்கை பென்சன் எடுத்திடும்."

கடை பூட்டின நாள்

பப்புக்கு ஒவ்வொரு நாளும் வந்து ஒரே கதிரையில் இருக்கிற வயதான ஐரிஷ் தச்சர் ஒருவர் இருந்தார். குடும்பம் இல்லை. அவர் செத்துப்போனார். பப் முதலாளி டெக்லன் அந்தச் சனிக்கிழமை, வருமானம் கொட்டுகிற சனிக்கிழமை, கடையைப் பூட்டினார். பாரிசின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஐரிஷ் சனம் கறுப்புச் சட்டையோடு வந்தது. வங்கியில் பெரிய உத்தியோகக்காரர், கூரை திருத்துகிறவர், பிள்ளை பார்க்கிற பெட்டைகள், எல்லோரும். சவப்பெட்டியை ஊருக்கு அனுப்ப ஆளுக்காள் காசு போட்டார்கள். அச்சு அசல் எங்கள் செத்தவீடு. பந்தல் மட்டும் இல்லை.

நான் பின்னால் நின்று இரண்டாவது முடிவை எழுதினேன்: ஐரிஷ்காரரும் எங்களைப் போன்றவர்கள், ஆகவே உருப்பட மாட்டார்கள். சனிக்கிழமை கடை பூட்டுகிறவனிடம் நிரந்தர வேலை கேட்பது புத்தியா? மதாம் ஹான் தடிமன் காய்ச்சலிலும் கடை பூட்டாதவர். ஆனால் பூட்டவே பூட்டாத கடையில் முழுநேரம் நின்றால், வதனி வந்த பிறகு அவளை எப்போது பார்ப்பது? இந்தப் புதிய சிக்கலை டெக்லனிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சும்மா, இன்றைக்கு நட்டம் இல்லையா என்று மட்டும் கேட்டேன். அவர் அந்த வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் செத்தா ஆர் வருவினம் எண்டதுதான் கணக்கு. மிச்சமெல்லாம் பியர்."

தேர் பார்க்க வந்தவர்கள்

ஆவணிக் கடைசியில் லாச்சப்பலில் பிள்ளையார் தேர். இரண்டு முதலாளிகளையும் நீவையும் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாச் சமூகங்களையும் நான் ஆராய்கிறேனே, எங்களையும் ஒருமுறை காட்டவேண்டாமா? தெருவில் குவித்திருந்த தேங்காய்களைப் பார்த்து டெக்லன் வாயைப் பிளந்தார். நீவ் குனிந்து தேரின் அச்சாணியைப் பார்த்தாள். மதாம் ஹான் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே இரண்டு கையாலும் திருநீற்றை வாங்கினார்.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. அது நகைக்கடை, எங்கள் ஆட்களுடையது. இது புடைவைக்கடை, எங்களுடையது. மீன்கடை, தலைமயிர் வெட்டுகிற கடை, படம் பிடிக்கிற கடை, எல்லாம் எங்கள் ஆட்கள் என்று சொந்தக் காணிக்கு எல்லை காட்டுகிறவன்போலக் காட்டிக்கொண்டு போனேன். குணா அண்ணையின் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இனாமாகக் கிடைத்தது. அதையும் இப்படித்தான் எங்கள் வழக்கம் என்று சொல்லிவைத்தேன். அன்று இரவு நான் புறநகரான பியர்ஃபித்தில் நாலு பேர் படுக்கிற அறைக்குத் திரும்பியதை மட்டும் சொல்லவில்லை. ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது மதாம் ஹான் டெக்லனிடம் சொன்னார்.

"எங்களுக்கு ஆளாளுக்கு ஒரு கடை இருக்குது. இவையளுக்கு ஒரு ஊரே இருக்குது."

நீவ் போனாள்

டப்ளினில் திரும்பவும் கட்டடம் எழும்பத் தொடங்கியது. நீவுக்கு அவளுடைய பழைய கந்தோரிலிருந்து அழைப்பு வந்தது. பிரியாவிடைக்கு எல்லோரும் குடித்தார்கள். நான் ஒறேஞ்சு யூஸ் குடித்தேன். அதே மாதம் மதாம் ஹானும் வழக்கம்போலத் தாயைப் பார்க்க சியோலுக்குப் போய், பெட்டி நிறையக் கடற்பாசியோடு திரும்பினார்.

இவ்வளவு காலமாகப் படிப்பு, கடை, பாஸ்போர்ட், சனிக்கிழமை என்று எவ்வளவோ ஒப்பிட்டேன். இந்த ஒன்றை ஒப்பிட மறந்துவிட்டேன். நீவ் பெட்டி கட்டினால் அவளுக்கு வீடு. மதாம் பெட்டி கட்டினால் அவருக்கும் வீடு. நான் பெட்டி கட்டினால் திருச்சி வரைக்கும்தான். அன்று நான் தட்டுகளை வேண்டுமென்றே சத்தமாக அடுக்கினேன். நீவ் தொட்டியடிக்கு வந்து, ஈரக்கை என்றும் பாராமல் என்னைக் கட்டிப்பிடித்தாள். ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், எல்லோரிடமும் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"நீங்கள் எப்ப வீட்டை போறீங்கள்?"

வதனி கேட்டாள்

பப்பில் இனிப் பகலிலும் சமையல் என்று டெக்லன் பலகையில் எழுதி வைத்தார். பகலும் மாலையும் சேர்ந்தால் முழுநேரம். கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. நான் ஒரு கிழமை யோசித்தேன். தானாகத் தருவார் என்று பார்த்தேன். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி: பசித்தாலும் முதல் தரம் வேண்டாம் என்று சொல்லுவோம், இரண்டாம் தரம் கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்போம். ஐரிஷ்காரனுக்கும் கொரியனுக்கும் அது எப்படித் தெரியும்?

ஒரு பின்னேரம், கடை திறக்கமுன், வதனி படம் தெரிகிற அழைப்பில் வந்தாள். "கேட்டியளே?" "இல்லையப்பா, அவர் இப்ப கொஞ்சம்..." "அவர் பக்கத்திலை நிக்கிறாரே?" "ஓம், கிளாஸ் துடைக்கிறார்." "போனை அங்காலை குடுங்கோ." கொடுத்தேன். ஈரக்கையோடு நின்றேன். எனக்கு ஒரு விஷயம் மறந்துபோயிருந்தது. டெக்லனின் பிரெஞ்சுதான் மோசம். அவருடைய இங்கிலிஷ் நல்ல இங்கிலிஷ். வதனி கிளிநொச்சியில் இங்கிலிஷ் ரீச்சர். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு என்னவோ கதைத்தார்கள். இடையில் என்னைப் பார்த்து இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நான் ஒரு கிளாசைத் திரும்பவும் கழுவி முடிக்க முன்னம் டெக்லன் போனைத் திருப்பித் தந்தார். அடுத்த மாதம் தொடங்கி முழுநேரம், நிரந்தரம்.

"அந்தத் தெருவைக் கண்ட பேந்து நீ சொந்தக் கடை போடப்போறாய் எண்டெல்லோ நினைச்சன். உன்ர மனுசி வரட்டும், அவவை முதலாளியாக்கிப்போட்டு நான் கோப்பை கழுவுறன்."

மதாமிடம் விடை

மதாம் ஹானிடம் வேலையை விடுகிறேன் என்று சொல்லப் போனேன். அவர் கோபிப்பார் என்று பயம். அவர் கோபிக்கவில்லை; முகம் மட்டும் வாடிவிட்டது. பகலுக்கும் இரவுக்குமாக நம்பிக்கையான ஆள் ஒருவரைக் கடந்த வருடம் முழுக்கத் தேடியதாகச் சொன்னார். பக்கத்திலேயே நின்றேனே மதாம் என்றேன். அவர் என்னைத் தம்பியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு ஒரு பெரிய போத்தல் கோவா ஊறுகாயை, பெண்சாதி வரும்போது கொடு என்று இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன்.

"ஒரு ஊரே வைச்சிருக்கிறவனுக்கு என்ர முழுநேர வேலை என்னத்துக்கு எண்டு நினைச்சிட்டன்."

வதனி வந்துவிட்டாள், கோவா ஊறுகாயைச் சோற்றோடு குழைத்துச் சாப்பிடுகிறாள், கொரியரின் நிலையையும் ஐரிஷ்காரரின் நிலையையும் ஐயம் திரிபற ஒப்பிட்டு முடித்த இந்த ஆராய்ச்சியாளனுக்குக் கடைசியில் விளங்கியது, அவ்வளவு காலமும் அந்த இரண்டு முதலாளிகளும் தங்களைவிட நன்றாக இருக்கிறவன் என்று நினைத்தது என்னைத்தான் என்பது.