போறார் எண்டுதான் கிடக்கு

ஏழாம் தரத்துக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு வந்ததற்கு ஒரே காரணம், கணினி அறையில் மின்சாரம் இல்லாததுதான். நான் படித்தது மின்னணுத் தொழில்நுட்பம். பட்டம் பெற்று, காத்திருந்து, கடைசியில் கிடைத்த அரச நியமனம் மன்னார்த் தீவின் கரையோரத்தில் இருக்கும் இந்தப் பள்ளிக்கூடம். சும்மா இருக்கும் ஆசிரியை யாரென்று அதிபர் சுற்றிப் பார்த்தார். நான் இருந்தேன். விஞ்ஞானப் பாடமும் அதோடு சேர்ந்து வந்தது.

அந்த வருடம் வாசிப்பை மேம்படுத்தும் திட்டம் ஒன்று எங்களை வந்தடைந்தது. திட்டத்தோடு வந்தவை: வாசலில் கட்ட ஒரு பதாகை, வெட்டுவதற்கு நாடா, ஆசிரியர்களுக்குத் தொப்பி, பிளாஸ்ரிக் உறை போட்ட வாசிப்பு அட்டைகள். புத்தகங்கள் வரவில்லை. தொப்பி எதற்கு என்று கேட்டேன். "வெயிலுக்கு" என்றார் அதிபர். பிறகு நான் எதுவும் கேட்கவில்லை.

நாடா வெட்டி முடிந்து சில வாரம் கழித்து, பிள்ளைகளைச் சோதிக்கக் கல்விக் கந்தோரிலிருந்து உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். சோதனை முறை எளிது. பிள்ளை அட்டையைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அட்டையில் இல்லாத சொல் வாயில் வந்தால் பிழையென்று ஒரு புள்ளடி. புள்ளடி கூடினால் அந்தப் பிள்ளை மீள்கற்றல் குழுவுக்குப் போக வேண்டும். அந்தக் குழு கூடுவது விஞ்ஞானப் பாட நேரத்தில். மண்டபத்தின் மூலையில் உட்கார்ந்து அ, ஆ எழுதுவார்கள். மற்றப் பிள்ளைகள் அப்போது மின்சுற்றுப் படிப்பார்கள்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை இருந்தாள். நான் மின்கலத்தையும் வயரையும் காட்டி விளக்கி முடிக்கும் முன்பே குமிழை எரியவைத்தவள். மற்றப் பாடங்களில் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தன் முறை வருமுன் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ரீச்சர், பிழை விட்டா விஞ்ஞானத்துக்கு விடமாட்டினமோ?"

"ஓம்" என்றேன். பொய் சொல்லிப் பயனில்லை.

அவளுக்கு முன் ஒரு பையன் வாசித்தான். வகுப்பில் அவன்தான் சிறந்த வாசகன் என்று பெயர். "மீனவர்கள் அதிகாலையில் கடலுக்குச் செல்கின்றனர். காற்று பலமாக வீசினால் அவர்கள் கரையிலேயே தங்கிவிடுகின்றனர்." ஒவ்வொரு வசனத்தின் முடிவையும் இழுத்து, ஒரே ராகத்தில் ஒப்புவித்தான். ஒரு புள்ளடியும் இல்லை. உத்தியோகத்தர் தலையாட்டி ரசித்தார்.

"காத்தடிச்சா அவையள் என்ன செய்வினம்?" என்று நான் கேட்டேன்.

பையன் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். "அதில கேள்வி ஒண்டும் இல்லையே, ரீச்சர்."

அவனுடைய அப்பாவும் கடலுக்குப் போகிறவர்தான்.

பிறகு அவள் எழுந்தாள். அட்டையை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குச் செய்தி சொல்வதுபோல் வாசித்தாள். "மீன்பிடிக்கிற ஆக்கள் விடியப்புறம் தொழிலுக்குப் போகினம். காத்துப் பலமெண்டால் கரையிலயே நிண்டிடுவினம்."

எங்கள் கரையில் கடலுக்குப் போவதைத் தொழிலுக்குப் போவது என்றுதான் சொல்வார்கள். வேறு தொழில் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. உத்தியோகத்தர் புள்ளடி போட்டுக்கொண்டே போனார்.

"பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. படத்தைப் பாத்துச் சொல்லுது."

"அட்டையில படம் இல்லை, சேர்."

"அப்ப மனசில இருந்து சொல்லுது."

மனதுக்குள் போகாமல் வாசிப்பது எப்படி என்று கேட்க நினைத்தேன். நான் படித்த துறையில், அளக்கும் கருவி பிழையான எண்ணைக் காட்டினால் முதலில் கருவியைத்தான் கழற்றிப் பார்ப்போம். இங்கே கருவி காற்சட்டை போட்டு, கதிரையில் உட்கார்ந்து, சோடா வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சோடா வந்தது. அவர் சாய்ந்துகொண்டு கரும்பலகையைப் பார்த்தார். காலையில் பிள்ளைகள் தங்கள் வாயால் சொன்ன வசனங்களை, சொன்னது சொன்னபடியே நான் அதில் எழுதியிருந்தேன். அவர் சத்தமாக வாசித்தார்.

"அப்பா தொழிலுக்குப் போகிறார். நான் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். நல்ல வசனம். இப்பிடித்தான் எழுதப் பழக்கவேணும்."

அவள் இன்னும் உட்காரவில்லை. அட்டை கையில் இருந்தது.

"சேர், அதில போகிறார் எண்டு இல்லை. போறார் எண்டுதான் கிடக்கு. மற்றதும் வருகிறேன் இல்லை, வாறன்."

"சேருக்கும் எழுத்துத் தெரியாதுபோல" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பு சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பெரிது.

உத்தியோகத்தர் கண்ணைச் சுருக்கி, பலகையை எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்தார்.

"நான் திருத்தி வாசிச்சனான்" என்றார்.

"அவளும் அதைத்தான் செய்தவள், சேர்" என்றேன். "நீங்கள் எங்கட பேச்சைப் புத்தகமாக்கினீங்கள். அவள் புத்தகத்தைப் பேச்சாக்கினவள். ரெண்டு பேருக்கும் எழுத்துத் தெரியும்."

"பிள்ளையள் திருத்தேலாது" என்றார். அந்த விதியை அவர் அந்த இடத்திலேயே பெற்றெடுத்தார் என்பது என் சந்தேகம். அதிபர் நடுவில் வந்து, இன்னொருக்கா வாசிக்கட்டும் என்றார். சோடா முடிந்திருந்ததால் உத்தியோகத்தரும் சம்மதித்தார்.

"எழுத்தெழுத்தாவோ, சேர்?" என்று அவள் கேட்டாள்.

"ஓம். உள்ளது உள்ளபடி."

அவள் நிமிர்ந்து நின்றாள். முகத்தில் இருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அந்தப் பையனின் ராகத்தை அப்படியே எடுத்தாள். "மீனவர்கள் அதிகாலையில் கடலுக்குச் செல்கின்றன-ர்." இழுக்க வேண்டிய இடத்தில் அவனைவிட நன்றாகவே இழுத்தாள். கடைசி வரை ஒரு புள்ளடியும் விழவில்லை.

"பாத்தீங்களோ, ரீச்சர்" என்றார் உத்தியோகத்தர். "கொஞ்சம் வெருட்டினா வாசிக்குதுகள்."

முற்றத்தில் அவருடைய வாகனத்துக்குக் குறுக்கே கழுதை ஒன்று நின்றது. அது விலகும்வரை ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். கழுதை அவசரப்படவில்லை.

அவள் விஞ்ஞான வகுப்பில் தங்கினாள். அடுத்த வாரம், குமிழை எரியவைத்து அணைக்கும் ஆளியைப் பற்றிய பந்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எழுந்து, தாளை நேராகப் பிடித்து, என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்பிடி வாசிக்க, ரீச்சர்? அவையளுக்கு வாசிக்கிற மாதிரியோ, விளங்கிற மாதிரியோ?"