விழுந்தது விழுந்தபடி

கை நழுவி விழுந்த ஸ்பூனை லிஃப்ட்காரர் நின்று பார்த்தார். “சரி, அங்கயே இரு,” என்று அதனிடம் சொல்லிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டார். அவர் வீட்டில் விழுந்தது விழுந்தபடிதான். சமையலறை வாசலில் ஸ்க்ரூடிரைவர், கட்டிலருகே சட்டைப் பொத்தான்கள், நடையில் ஒரு சீப்பு. தூங்குகிற குழந்தைகளைத் தாண்டுவதுபோல் ஒன்றையும் மிதிக்காமல் நடப்பார்.

பழைய கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். எப்போதோ ஒரு மோட்டாரைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. தசை ஆறிவிட்டது, வலி மட்டும் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரனாக உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அவர் குனிந்ததில்லை. வேலையிடத்தில் கூட்டாளி குனிவார். வீட்டில் மனைவி. “கையில என்ன வெண்ணெயா தடவியிருக்கு?” என்று கேட்டுக்கொண்டே எடுத்துத் தருவாள். போன வருடம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். தரை நிறையத் தொடங்கியது.

அக்காள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“ஏன்டா, இது வீடா, காயலான் கடையா? அடுத்த தடவை வரும்போதும் இப்படியே கிடந்துச்சுன்னா, வீட்டைப் பூட்டிட்டு உன்னை என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன்.”

“வந்ததுக்கு நீயே எடுத்து வச்சிட்டுப் போயேன்க்கா.”

“நான் எடுத்தா நாளைக்கே மறுபடி போடுவ. நீ குனியணும்டா.”

அக்காள் சொன்னால் சொன்னதுதான். அவள் வீட்டில் இருமுவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டும்.

அதற்குப் பயந்து வலி மருத்துவரிடம் ஓடினார். டாக்டரம்மா படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடுப்பில் இப்போது கோளாறில்லை, ஆபத்து இருக்கிறதென்று மூளைதான் இன்னும் நம்புகிறது, வலி நிஜம், ஆபத்துதான் நிஜமில்லை என்றார்.

“அட, லிஃப்ட் பட்டன் அமுங்கியே மாட்டிக்கிட்ட கதை,” என்றார் லிஃப்ட்காரர். “ஆளே இல்லாத மாடியில விளக்கு எரியும். லிஃப்டும் பாவம், நம்பிப் போய்ப் போய்க் கதவைத் திறக்கும்.”

“அதேதான். நீங்க குனிய வேணாம். குனியற மாதிரி நினைங்க, போதும்.”

கண்ணை மூடினார். அடுத்த நொடி “ஐயோ!” என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னாச்சு?”

“நினைப்புலயே பிடிச்சுக்கிச்சு டாக்டரம்மா.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிலருக்கு அப்படியும் வரும் என்றார். “அப்போ வேற யாராவது குனியறதை நினைங்க. மூளை அதைப் பார்த்தும் கொஞ்சம் ஒத்திகை பண்ணிக்கும்.”

வீட்டுக்கு வந்து ஸ்பூனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முதலில் அக்காளைக் குனியச் சொன்னார். நினைப்பில்கூட அவள் மறுத்துவிட்டாள். கூட்டாளியை அழைத்தார். அவருக்குத் தொப்பையைத் தாண்டிக் கை எட்டவில்லை. பிறகு, கூப்பிடாமலே, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் வந்தாள். “கையில என்ன வெண்ணெயா?” குனிந்தாள், எடுத்தாள். இடுப்பில் வலிக்கவில்லை.

தினமும் வேலை முடிந்து வந்ததும் அதே பயிற்சி. நாள் போகப்போக, அவள் குனியும்போது இவர் தோளும் சாய்ந்தது, முழங்கால் மடங்கியது. ஒருநாள் கண்ணைத் திறந்தபோது ஸ்பூன் அவர் கையில் இருந்தது.

அக்காள் மறுபடி வந்தாள். தரையில் ஒரு பொத்தான்கூட இல்லை. எல்லாம் மேசைமேல் ஏறியிருந்தன.

“எப்படிடா எடுத்த?”

“நான் எங்க எடுத்தேன்? எல்லாம் அவதான் எடுத்தா.”

அக்காள், அவர் துணிகளை அள்ளிப்போகக் கொண்டுவந்த காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

லிஃப்ட்காரர் கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெறும் தரையைப் பார்த்தார். எழுந்து மேசையருகே போய், ஸ்பூனை ஒரு விரலால் விளிம்புவரை நகர்த்திக் கீழே தள்ளினார். திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.