ஆஷாடமும் ஆடியும் ஒரு ப்ராசஸரும்

என் கம்ப்யூட்டருக்கு ஒரு ப்ராசஸர் வாங்கவிடாமல் இரண்டு மாதங்கள் குறுக்கே நின்றன. மனைவி கன்னடக்காரி; ஆஷாடத்தில் புதிதாக எதையும் வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டாள். அம்மாவுக்கு ஆடி ஆகாது. ஆஷாடம் முடிவதற்குள் ஆடி பிறந்துவிடும். பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் இரண்டு பஞ்சாங்கமும் செல்லுபடியாகும், நடுவில் மாட்டிக்கொள்வது நான்.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, இன்னும் கேம் விளையாடுகிறேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மெல்போர்னில் இருக்கும் என் தங்கையும் நானும் ஞாயிறு காலையில் லாரி ஓட்டுவோம். திரையில் அவளுக்கு ஒரு லாரி, எனக்கு ஒரு லாரி. ஹெட்செட்டில் பேசிக்கொண்டே ஊர் ஊராகச் சரக்கு இறக்குவோம். முகத்தைப் பார்த்துக் கேட்டால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். கை வேலையாக இருந்தால் தானாகப் பேச்சு வரும். தனக்கு ஒருவரைப் பிடித்திருப்பதையே பூண்டு உரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னாள். அவரைத்தான் கட்டிக்கொண்டு போனாள்.

விளையாட்டின் புதிய பதிப்பு வந்தபிறகு என் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடும். ஊருக்குள் நுழைந்தால் படம் உறையும், தங்கையின் குரல் துண்டு துண்டாக வரும். ஒரு ஞாயிறு அப்படித்தான் ஊருக்குள் திரும்பினோம். "அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இங்க நானும் அவரும்..." என்றாள். அத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. மறுபடி போட்டுவிட்டுக் கேட்டால், "ஒண்ணும் இல்லண்ணா, ஓட்டு" என்றாள். போனில் கேட்டேன். "சும்மாதான்." எனக்கு வந்த எரிச்சலில் அந்தப் பெட்டியைத் தூக்கி ஏரியில் போட்டிருப்பேன்.

எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்காரரிடம் போனேன். கிராபிக்ஸ் கார்டைத்தான் மாற்றச் சொல்வார் என்று நினைத்தேன். ஊருக்குள் மட்டும் திணறுகிறது என்றதும் அவர், "ஊருக்குள்ள எதிர்ல வர்ற அத்தனை வண்டியையும் ஓட்றது ப்ராசஸர் சார். கார்டை விடுங்க" என்றார். என் மதர்போர்டில் உட்காரக்கூடிய கடைசி ரகம் ஒன்றைக் காட்டினார். "இதுக்கு மேல போகணும்னா போர்டு, ரேம் எல்லாமே மாத்தணும். இதுவும் இப்ப வர்றது நின்னுடுச்சு, இருக்கிறது இதுதான்." அடுத்த தலைமுறைக்கே போய்விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முழுப்பெட்டியையும் மாற்ற நமக்குக் கட்டுப்படியாகாது. இதுவே போதும் என்று முடிவு செய்து வீட்டில் சொன்னேன்.

"ஆஷாடா முடியட்டும் ரீ" என்றாள் மனைவி. அவள் கன்னடத்து ரீ, நம் என்னங்க. முடிந்தது. ஸ்ராவணம் வந்துவிட்டது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்ன அன்று அம்மா, "ஆடி நடக்குதே, தெரியலயா?" என்றாள். அதே ஆடியில் தள்ளுபடிக்குப் புடவை எடுத்துவந்தவள் அவள். கேட்டால், "துணி வேற, மிஷின் வேற" என்கிறாள். விளையாட்டுச் சாமானுக்கு என்ன அவசரம் என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். மற்ற எதிலும் அவர்களுக்கு இத்தனை ஒற்றுமை கிடையாது. அவசரம் என்ன என்று நானும் சொல்லவில்லை. எனக்கே பாதி வாக்கியம்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு தங்கை, "இன்னைக்கு வேணாம்ணா. உன்னுது நின்னு நின்னு வருது, எனக்கும் முடியல" என்று செய்தி அனுப்பிவிட்டாள். அதற்கடுத்த ஞாயிறு செய்தியே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

அன்று சாப்பிடும்போது அம்மா மறுபடி, ஆடி போய் ஆவணி பிறக்கட்டும் என்று ஆரம்பித்தாள். "அதுவரைக்கும் அவ குரல் கேக்காம நான் என்னம்மா பண்றது?" என்று கத்திவிட்டேன். மனைவி கரண்டியோடு நின்றாள். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ அதுலதான் உன்கிட்ட பேசுவாளா?"

"ஆமா."

"எங்கிட்ட போன்ல தெனமும் நல்லா இருக்கேம்மான்னு சொல்றா. நல்லா இருக்கறவ தெனமும் அத சொல்லுவாளா?" அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். "ஆடியாவது ஒண்ணாவது. எழுந்து போய் வாங்கிட்டு வா."

கடையில் அது இன்னும் இருந்தது. பழைய ப்ராசஸரைக் கழற்றுவதற்கு முன்பே போர்டின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதியதை அது அடையாளம் காணாது. அதைச் செய்துவிட்டு, புதியதைப் பொருத்தி, சூடு தணிக்கும் பேஸ்ட்டை அதன்மேல் தடவி, ஃபேனை முடுக்கினேன். மனைவி அட்டைப்பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள். தங்கைக்கு, "ரெடி, ஞாயித்துக்கிழமை வா" என்று அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

ஞாயிறு காலை அவள் வந்தாள். அம்மா என் அறைக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு டிவியைச் சத்தமாக வைத்தாள். வீட்டில் அந்த நேரத்தில் டிவி போடுவது வழக்கமில்லை.

நெடுஞ்சாலை முழுக்கத் தங்கை மழையைப் பற்றியும் தக்காளி விலையைப் பற்றியும் பேசினாள். ஊருக்குள் திரும்பினோம். எதிரே வண்டிகள் வரிசையாக வந்தன. படம் நிற்கவில்லை.

"அண்ணா, அம்மா பக்கத்துல இருக்காளா?"

"இல்ல. கதவு சாத்தியிருக்கு."

சிக்னலில் அவள் லாரி நின்றது. பச்சை விழுந்தும் அது கிளம்பவில்லை.

"நான் அங்கயே வந்துடட்டுமா?" என்றாள். ஒரு எழுத்துகூட அறுபடாமல் கேட்டது.

"வா" என்றேன்.