நடை பழகும் பிள்ளைகளின் கற்பகம்

செய்தி வந்தபோது மந்தைவெளியில் ஒரு காலி வீட்டின் கூடத்தில் நின்றிருந்தேன். அன்று ஞாயிறு; எங்கள் குழந்தைகள் காப்பகத்துக்கு இடம் தேடிப் போயிருந்தேன். "ஆபீஸ்னா தரலாம். குழந்தைங்க அழுதா மாடி வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க" என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருக்கையில் கைபேசி அடித்தது. கற்பகத்தின் தம்பி. "அக்கா போயிட்டாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே..."

கற்பகமும் நானும் சேர்ந்துதான் பெசன்ட் நகரில் அந்தக் காப்பகத்தை நடத்தினோம். நடக்கத் தொடங்கிய, இரண்டு வயது நிரம்பாத பிள்ளைகள் மட்டும். பல இடங்களில் அந்த வயதைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நாம் சேர்க்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். காப்பகம் இருந்த வீட்டை இடித்து அடுக்ககம் கட்டப் போவதாக அதன் சொந்தக்காரர் சொன்ன பிறகும் அது தளரவில்லை.

ஒருமுறை ஒரு தகப்பனார் கோபமாக வந்தார். "ஒண்ணேகால் வயசு ஆகுது மேடம். வேற இடத்துல கலர் பேரெல்லாம் சொல்றாங்க. இங்க இவன் சும்மா ஹாலைச் சுத்திச் சுத்தி வரான்." தரையில் உட்கார்ந்திருந்த கற்பகம் நிமிர்ந்து பார்த்தாள். "சார், இத்தனை நாள் படுத்திருந்தான், தவழ்ந்தான். இப்பத்தான் எழுந்து நின்னு உலகத்தைப் பாக்கறான். கொஞ்ச நாள் சுத்தட்டுமே." அடுத்த வாரமே அவர் பையனை வேறு இடத்தில் சேர்த்துவிட்டார். எனக்குப் பாதி ஆத்திரம் அவர்மீது, பாதி கற்பகத்தின்மீது. சுவரில் நாலு படம் ஒட்டினால் என்ன குறைந்துவிடும் என்று சண்டை போட்டேன். "ஒட்டேன். அப்பா அம்மாங்க கண்ணுக்கு எட்டற உயரத்துல ஒட்டு. அவங்களுக்குத்தானே" என்றாள்.

ஊரூர் குப்பத்திலிருந்து மீன் விற்கும் செல்வி தன் மகளைக் கொண்டுவந்து விடுவாள். ஒருநாள் அந்தக் குழந்தை ஓடிவந்து விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டது. "இன்னா டீச்சர், வாயெல்லாம் ரத்தமா கீது. நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று செல்வி கத்தினாள். "பக்கத்துலதான் இருந்தேன். பிடிக்கறதுக்குள்ள விழுந்துட்டா" என்றாள் கற்பகம். வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை செல்வி மறுபடி வந்து குழந்தையை இறக்கிவிட்டாள். "வேற எங்க இட்டுனு போறது?" என்று முனகிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் கற்பகம், "நம்மளை நம்பி விடல, பாரு. வேற வழியில்லாம விடறா. இதுக்குப் பேரு காப்பகமா?" என்று என்னிடம் எரிந்து விழுந்தாள்.

உதவிக்கு வந்த பெண்கள் நிலைக்கவில்லை. வேலை கற்றுக்கொண்டதும் கூடுதல் சம்பளத்துக்குத் தியாகராய நகர் துணிக்கடைகளில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடைசியாக இருந்தவளும் நின்றபோதுதான் கற்பகத்துக்கு நெஞ்சில் வலி தொடங்கியிருந்தது. டாக்டரைப் பார் என்று கெஞ்சினேன், திட்டினேன். "நீ ஒருத்தி எத்தனை பேரைப் பிடிப்பே? ஆள் கிடைக்கட்டும், போறேன்." ஆள் கிடைக்கவில்லை. அவளை மன்னிக்க இன்னும் எனக்கு மனம் வரவில்லை.

அவள் இறந்த அன்று மாலை மயிலாப்பூர் மயானத்தில் நிற்கும்போதே ஒரு தாயிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "ஆழ்ந்த இரங்கல். நாளைக்கு காப்பகம் உண்டா?" கைபேசியை வீசி எறியத் தோன்றியது. பிறகு அந்தப் பெண்ணின் மாமியார் ஊரில் இல்லை, விடுப்பும் கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. "உண்டு" என்று பதில் போட்டேன். என் தங்கை மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காலையில் கதவைத் திறந்தேன்.

அந்தத் தாய் மகனை விட்டுவிட்டு, அவன் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பின்பக்கமாக நழுவப் பார்த்தாள். நான் வழியை மறித்தேன். "சொல்லிட்டுப் போங்க."

"அழுவான் மேடம். லேட்டாயிடுச்சு."

"அழட்டும். திரும்பிப் பார்த்து நீங்க இல்லைன்னா இன்னும் பயப்படுவான்."

அவள் குனிந்து சொன்னாள். அவன் வீறிட்டு அழுதான். நான் அவனைத் தூக்கவில்லை, பொம்மை காட்டவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவனே வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். கற்பகம் தினமும் செய்தது இதைத்தான். அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பதும் இதுதான்.