புகைக்குள் கூப்பிட்ட நாலு பேர்

கோட இறங்குவது முதலில் கழுத்துக்குத்தான் தெரியும். சட்டைக் காலருக்குள் யாரோ ஈரக்கையை வைத்த மாதிரி ஒரு சில்லிப்பு ஏறும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் எதிரே இருந்த தேயிலைச் சரிவு, அதன் உச்சியில் இருந்த சர்ச்சு, பக்கத்தில் நடந்துவந்த மாரி, எல்லாம் காணாமல் போயிருக்கும். மூடுபனி என்று புத்தகத்தில் எழுதுகிறார்களே, அதற்குக் கேரளத்துப் பீர்மேட்டுப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் 'கோட' என்று பெயர். சுற்றுலா வருகிறவர்கள் அடடா அழகு என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் அதற்குள்ளேயே நடந்துவிட்டு அப்புறம் சொல்லட்டும் அழகை.

எங்கள் 'லயத்தில்', அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் வீடுகளில், பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் நாங்கள் நாலு பேர். பன்னிரண்டாம் வகுப்பு ஜெயாதான் மூத்தவள், எங்களுக்கெல்லாம் மேஸ்திரி. ரோஸ்லினும் மாரியும் ஒன்பதாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு படித்த நான் கடைக்குட்டி, வாயாடி, பயந்தாங்கொள்ளி. பாதையின் ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் வளைவுக்கு வளைவு பாய்ந்துவரும் ஜீப்பு. அதனால் எங்கள் அம்மாமார் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள்: "வாய மூடாம நடங்கட்டி. சத்தம் நின்னா ஆளு போச்சுன்னு அர்த்தம்."

எவ்வளவு நேரம்தான் பேச்சாகவே பேசுவது? பாடினோம். சபைப் பாட்டு, மாரி வீட்டு முளைப்பாரிப் பாட்டு, கொழுந்து எடுக்கும் பெண்கள் கங்காணியை நையாண்டி செய்த பாட்டு, எல்லாவற்றையும் ஒரே குழம்பாக்கிப் பாடினோம். ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் வாங்கக்கூடாது. நடுவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், எந்த வரியில் இருந்தாலும் சரி, பாட்டை விட்டுவிட்டு "ஓய்ய்ய், இங்கனதான் இருக்கேன்" என்று பதில் கொடுத்த பிறகுதான் அடுத்த அடி வைக்க வேண்டும். மறந்தால் ஜெயாவின் குட்டு நங்கென்று விழும்.

அந்தச் சமயம் எஸ்டேட்டைப் பூட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆளாளுக்கு மூட்டை கட்டித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டில் கப்பை, அதாவது மரவள்ளிக் கிழங்குதான் காலைக்கும் ராத்திரிக்கும். ஒரு மழைநாளில் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டே ஜெயா ஒரு பாட்டுக் கட்டினாள்:

அட்டையே அட்டையே, எங்கிட்ட வராத,
அரிசி வெந்து நாளாச்சு, ரத்தம் ஏது தர.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பசியில் இருந்த வயிறுதான், ஆனாலும் சிரித்தது.

இந்த அட்டைப் பாட்டைத்தான் கொச்சியில் ஒரு டிவி நடத்திய குழுப்பாட்டுப் போட்டிக்கு எங்கள் பாட்டு டீச்சர் செல்போனில் பிடித்து அனுப்பினார். குழுவின் பெயர் கேட்டார்கள்; ஜெயா சற்றும் யோசிக்காமல் 'கோட' என்று எழுதினாள். இரண்டு சுற்று தாண்டி இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். ஆனால் அதற்குள் ஜெயாவின் அம்மா ராஜக்கனி சித்தி அவளைப் பனியன் கம்பெனிக்கு அனுப்புவதாகத் திருப்பூர் ஏஜென்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். புருஷன் இல்லாதவள், வேறு என்ன செய்வாள்? சனிக்கிழமை போட்டி, திங்கட்கிழமை வேன் வரும். சித்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "ஜெயிச்சா நாலு எடத்துல பாடக் கூப்புடுவான், இங்கனயே கெட. தோத்தா வேன்ல ஏறு. பொறவு அழுது ஆகாத்தியம் பண்ணக் கூடாது."

ஜெயா இல்லாமல் அந்தப் பாதையில் நடப்பதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. பரிசு, கோப்பை எல்லாம் யாருக்கு வேண்டும்? அவள் போகக்கூடாது, அவ்வளவுதான். பஸ்ஸில் கொச்சிவரை அவள் கையை விடாமல் பிடித்திருந்தேன், வாந்தி எடுத்தபோதுகூட.

மேடையில் எங்களை நாலு மூலைக்கு நிறுத்தினார்கள். பாட்டு நன்றாகத்தான் போனது. இரண்டாவது அடி பாடும்போது 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். தரையிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி முழங்கால், இடுப்பு, முகம் என்று ஏறியது. ஒத்திகையில் இந்தக் கண்றாவி இல்லை. ஜெயாவைக் காணோம். மாரியைக் காணோம். கொச்சி மறந்துவிட்டது, போட்டி மறந்துவிட்டது. கால் மட்டும் பள்ளத்துப் பக்கம் நிற்கிறது என்றே நம்பியது. பாட்டை விட்டுவிட்டு அடித்தொண்டையில் கத்தினேன்: "ஏட்டி ஜெயாஆஆ!"

பாட்டை விடலாமா, போட்டி என்னாகும் என்று ஜெயா ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை, அவளுக்கும் பழக்கம் அப்படி. "ஓய்ய்ய், இங்கனதான் இருக்கேன்" என்று புகைக்குள்ளிருந்து வந்தது. உடனே ரோஸ்லின் மாரியைக் கூப்பிட்டாள், மாரி என்னைக் கூப்பிட்டாள், நான் பதில் கொடுத்துக்கொண்டே குரல் வந்த திசையில் தட்டுத்தடுமாறி நடந்தேன். வாத்தியக்காரர்கள் குழம்பிப்போய் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். நாலு பேரும் நடுமேடையில் வந்து முட்டிக்கொண்டு, கையைக் கோத்து, விட்ட வரியைப் பிடித்து, பாட்டை எப்படியோ முடித்தோம். புகை அடங்கியபோது ஒருத்தர்கூடக் கைதட்டவில்லை.

"கெடுத்துட்டியேட்டி, பாவி" என்று ஜெயா என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். நான் செய்த காரியத்தால் அவள் வேனில் ஏறப்போகிறாள் என்று எனக்கும் புரிந்துவிட்டது. ஓவென்று அழ ஆரம்பித்தேன். அப்போது நடுவர்களில் வயதான ஓர் அம்மா மைக்கைப் பிடித்து, "மோளே, அது ஒண்ணுங்கூடி விளிக்காமோ?" என்றார். அந்தக் கூப்பாட்டை இன்னொரு தடவை கூப்பிட முடியுமா என்று கேட்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "இப்பத்தான் எல்லாரும் கண்ணுக்குத் தெரியுதாங்களே, எதுக்குக் கூப்புடணும்?"

அரங்கமே எழுந்து கைதட்டியது. நாங்கள்தான் முதல் பரிசு என்று அறிவித்தபோதுகூட நாலு பேருக்கும் விளங்கவில்லை. எங்களை வைத்துக் கேலி செய்கிறார்கள் என்றே நான் நினைத்தேன். திங்கட்கிழமை வந்த வேன்காரனை ராஜக்கனி சித்தி இடுப்பில் கைவைத்து நின்று திருப்பி அனுப்பினாள். "எம்புள்ள வரல, ஒம்ம சோலியப் பாத்துட்டுப் போவும்" என்று அவள் சொன்ன மிடுக்கு இருக்கிறதே, நான் பார்த்த எந்த மேடையிலும் அப்படி ஒரு மிடுக்கைப் பார்த்ததில்லை.

அந்தப் போட்டி வீடியோ எங்களைவிட வேகமாக ஊர் சுற்றியது. முதலில் துபாயில் பாடக் கூப்பிட்டார்கள், பிறகு சிங்கப்பூர், மலேசியா. அப்புறம் ஐரோப்பாவில் ஒரு பெரிய இசைவிழா. 'ஏட்டி' என்றால் 'அடியே' என்றுகூடத் தெரியாத வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நின்று "ஏட்டி ஜெயா" என்று கத்துவார்கள். முதல் தடவை கேட்டபோது நாங்கள் மேடையிலேயே சிரித்துப் பாட்டைக் கோட்டைவிட்டோம். இப்போது ஜெயா லண்டனில் இருக்கிறாள், மாரி பாரிஸில், ரோஸ்லின் சிங்கப்பூரில், நான் சென்னையில் அம்மாவோடு. பாடும் ஊரில் சந்திக்கிறோம், பாடி முடித்ததும் நாலு விமானத்தில் ஏறுகிறோம்.

போன மழைக்காலத்தில் நான் மட்டும் லயத்துக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு வீட்டில் இரண்டில்தான் அடுப்பு எரிகிறது. நாங்கள் நடந்த பாதையைக் காடு மூடிவிட்டது. இருக்கிற ஒன்றிரண்டு பிள்ளைகளும் ஸ்கூல் வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறார்கள். கோட மட்டும் நேரம் தவறாமல் வருகிறது, அதற்குள் ஒரு பிள்ளைச் சத்தம்கூட இல்லை. ராஜக்கனி சித்தி அதே வீட்டில்தான் இருக்கிறாள். லண்டனுக்குப் போய் இருபது நாள் இருந்துவிட்டு, "அது மனுசன் இருக்கிற ஊரா?" என்று திரும்பி வந்துவிட்டவள்.

பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "நீங்க பாடுன அன்னைக்குக் காலையில இருந்து முட்டி போட்டு ஜெபம் பண்ணேன்ட்டி. ஆண்டவரே, எம்மக தனியாப் போயிரக் கூடாதுன்னு கேட்டேன்" என்றாள். காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அவரும் கேட்டாரு. நாலு பேரையும் சேத்துல்லா கூட்டிட்டுப் போயிட்டாரு."