நியேவெஸ் எழுதிய உதாரண வாக்கியங்கள்

விடைத்தாளைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கித் தெருவைக் கடந்து, எதிரிலிருந்த காப்பிக்கடையின் கதவில் கைவைத்த கணத்தில்தான் நியேவெஸுக்கு அது உறைத்தது. ஊரின் பெயரை எழுதிவிட்டோமோ? கதவைத் தள்ளாமல் அப்படியே நின்றாள்.

"உள்ள போடி, பின்னால ஒரு பட்டாளமே நிக்குது," என்று அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள் தோழி ஒல்விதோ.

நியேவெஸ் அர்ரான்ஸுக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழியும் இலக்கணமும் கற்பிக்கும் ஆசிரியை. ஆனால் நிரந்தர ஆசிரியை அல்லள். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியிலேயே காலம் ஓடியது. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு பட்டியல் வெளியாகும். அதில் அவள் பெயருக்கு நேரே ஏதேனும் ஓர் ஊர் இருக்கும். இரண்டு பெட்டிகள், அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்கள், ஓர் இரும்பு வாணலி ஆகியவற்றைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போவாள். ஓர் அறையை வாடகைக்கு எடுப்பாள். ஜூன் மாதம் காலிசெய்வாள். இப்படிப் பதினேழு ஊர்கள். கணவன் ஃபெர்மின் பலென்சியா நகரிலேயே இருந்தான். சுற்றுக் கிராமங்களுக்கு வேனில் ரொட்டி கொண்டுபோய் விற்பவன். வார இறுதியில் மட்டுமே இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

நிரந்தரப் பணியிடத்துக்கான தேர்வை அவள் எழுதுவது இது ஆறாவது முறை. வாய்மொழித் தேர்வு முந்தைய வாரமே முடிந்திருந்தது. அதில் நல்ல மதிப்பெண். பணிக்காலத்துக்கான புள்ளிகளும் அவளிடம் நிறைய இருந்தன. இருந்த இடங்கள் பதினொன்று. எழுத்துத் தாளில் சுமாரான மதிப்பெண் வந்தால்கூட அவற்றில் ஒன்று அவளுடையதாகிவிடும். தாள் செல்லாது என்று தள்ளப்பட்டாலோ, எல்லாம் போயிற்று. தற்காலிகப் பட்டியலிலும் நேற்று வந்த இளையவர்களுக்குக் கீழே இறங்கிவிடுவாள். அடுத்த தேர்வுக்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

தள்ளப்படுவதற்குக் காரணமா இல்லை? தேர்வு தொடங்கும் முன் தேர்வுக் குழுவின் செயலர் எழுந்து நின்று விதியைப் படித்தார். விடைத்தாளில் எண் மட்டுமே இருக்கும். பெயர் எழுதிய சீட்டு தனி உறையில் ஒட்டப்படும். திருத்துகிறவர் யாருடைய தாள் என்று அறியக்கூடாது. எழுதியவர் யார் என்று காட்டிக்கொடுக்கும் எந்தக் குறி இருந்தாலும் தாள் செல்லாது. அந்த எண்ணைக்கூடத் தேர்வர்கள் குறித்துக்கொள்ளக்கூடாது. ஆறு முறை கேட்ட விதி. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

நான்காம் கேள்விதான் வினை. ஒழுங்கற்ற வினைச்சொல் ஒன்றை எல்லாக் காலங்களிலும் திரித்துக் காட்டி, ஒவ்வொரு காலத்துக்கும் சொந்தமாக ஓர் உதாரண வாக்கியம் அமைக்க வேண்டும். கொடுத்திருந்த சொல் 'கபேர்'. ஓரிடத்துக்குள் அடங்குதல், அந்த இடம் போதுமானதாக இருத்தல் என்பது அதன் பொருள். முரட்டு வினை அது. நிகழ்காலத்தில் 'நான்' என்று தொடங்கினால் கேபோ. 'நீ' என்றால் காபெஸ், ஏதோ வேறு குடும்பத்துப் பிள்ளை போல. முடிந்துபோன இறந்தகாலத்தில் கூபே என்று முகத்தையே மாற்றிக்கொள்ளும். எதிர்காலத்தில் நடுவிலிருக்கும் உயிரெழுத்தை விழுங்கிவிட்டுக் கப்ரே என்று நிற்கும். வழக்கமாக நடந்துவந்ததைச் சொல்லும் இறந்தகாலத்தில் மட்டும் கபீயா, கபீயாஸ் என்று சாதுவாக வரிசையில் நடக்கும். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகள் 'கபோ, கபோ' என்று எழுதியதையெல்லாம் சிவப்பு மையால் அடித்துக் 'கேபோ' என்று திருத்தியவள் அவள். திரிபுகளை எழுதக் கை தயங்கவே இல்லை. ஆனால் உதாரணங்களுக்கு வந்தபோது மணி பதினொன்றே முக்கால். மீதி பதினைந்து நிமிடம். யோசிக்க நேரமின்றி, மனத்தின் மேல்தட்டில் கிடந்ததையெல்லாம் எடுத்து எழுதினாள்.

'நாற்பத்தொன்பது வயதிலும் நான் மாணவர் இருக்கையில் அடங்குகிறேன்.' 'அப்பாவின் காரில் நாங்கள் ஏழு பேரும் அடங்குவது வழக்கம். அறுவடைத் திருவிழாவுக்கு அப்படித்தான் போனோம்.' 'பதினேழு ஊர்களுக்கு நான் கொண்டுபோன சாமான்கள் ஒவ்வொரு முறையும் ஒரே காரில் அடங்கின.' 'ஒருநாள் எங்கேனும் ஓரிடத்தில் நானும் அடங்குவேன்.'

இவற்றில் அறுவடைத் திருவிழா எந்த ஊரில் என்று எழுதினாளா, இல்லையா? வால்தெகார்தோஸ் திருவிழா என்று எழுதியிருந்தால் முடிந்தது கதை. அவள் பிறந்த அந்த ஊரில் இருப்பது நாற்பத்திரண்டு பேர். அங்கிருந்து படித்து ஆசிரியையானவள் அவள் ஒருத்திதான். குழுவின் தலைவி தோன்யா கசில்தாவோ, அடுத்த பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்.

"ஏன்டி முகம் இப்படி வெளுத்துப் போச்சு?" என்றாள் ஒல்விதோ, இரண்டு காப்பியும் உருளைக்கிழங்கு அடைத் துண்டுகளும் மேசையில் வைத்து. அவளும் தற்காலிக ஆசிரியைதான், ஐம்பத்தொரு வயது, பதினான்கு ஆண்டுத் தோழமை.

"உதாரண வாக்கியத்துல நீ என்ன எழுதின?"

"பூனை. பூனை பெட்டிக்குள்ள அடங்குது, பூனை அடங்கிச்சு, பூனை அடங்கும். பூனைக்கு ஊர் உண்டா, உறவு உண்டா? நிம்மதி. நீ?"

"என் கதைய எழுதிட்டேன்."

"என்னது?"

"வயசு, அப்பா கார், பதினேழு ஊர்..."

"அடிப்பாவி! பாவமன்னிப்புக் கேக்கப் போனியா, பரீட்சை எழுதப் போனியா? ரத்த வகையையும் எழுதிட்டு வரவேண்டியதுதான?" ஒல்விதோ சிரித்தாள். சிரிப்பில் நியேவெஸ் சேரவில்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். "ஊர்ப் பேரு எழுதினியா?"

"அதுதான்டி தெரியல. மனசுல ஓடிச்சு. கை எழுதிச்சான்னு தெரியல."

"எழுதியிருக்க மாட்ட. நீ காற்புள்ளிய எண்ணி வைக்கிறவ. அடையச் சாப்பிடு, ஆறுது."

முடிவுக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் நியேவெஸ் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தாள். தேர்வறையில் பயன்படுத்திய அதே பேனாவை எடுத்து, அதே அகலமுள்ள தாளில், அதே வேகத்தில் எழுதினால் கை தானாகவே உண்மையைச் சொல்லிவிடும் என்று ஒரு நப்பாசை. ஒருமுறை ஊரின் பெயரோடு வந்தது. மறுமுறை பெயரில்லாமல் வந்தது. பெயர் இருந்தால் வரி எங்கே மடங்கும், இல்லாவிட்டால் எங்கே மடங்கும் என்று அளந்து பார்த்தாள். தாளில் வரி எங்கே மடங்கியது என்பது நினைவில் இருந்தால்தானே?

ரொட்டி விற்றுவிட்டு மதியம் வீடு திரும்பிய ஃபெர்மின், சாப்பாட்டு மேசை முழுவதும் தாள்கள் பரந்து கிடந்ததைப் பார்த்தான்.

"தட்டு வைக்க எடம் இருக்கா, இல்ல நின்னுக்கிட்டே சாப்பிடவா?"

"அஞ்சு நிமிஷம்."

"நேத்தும் அஞ்சு நிமிஷம்னுதான் சொன்ன. பூண்டு சூப்புல உப்பு ரெண்டு தடவ விழுந்துச்சு." ஒரு தாளை எடுத்துப் பார்த்தான். "உங்கப்பா கார்ல ஏழு பேரு இல்ல. எட்டு. உங்க அத்தையும் வருவா."

"அத்தை டிக்கில உக்காருவா. அது கணக்குல இல்ல."

அவன் சிரித்தான். அவள் அழுதுவிட்டாள். அவன் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி ஓரமாக வைத்தான்.

ஐந்தாம் நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. குழு அமர்ந்து திருத்திக்கொண்டிருந்த பள்ளிக்கு நேரே போய்விட்டாள். தோன்யா கசில்தாவைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். 'அது வெறும் உதாரணம். என்னைக் காட்டிக்கொள்ளும் எண்ணம் எனக்கில்லை' என்ற வாக்கியத்தைப் பேருந்தில் நான்கு முறை செம்மைப்படுத்தினாள். வாசலில் காவலாளி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"யாரப் பாக்கணும்?"

வாயைத் திறந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அந்த வாக்கியம் என்னுடையது என்று சொல்வதே அடையாளம் காட்டுவதுதானே? இதுவரை தாளில் ஊரின் பெயர் இல்லாமலே இருந்திருந்தாலும், கேட்ட நிமிடத்தில் அவளே தன் தாளைக் கெடுத்தவளாவாள். கேட்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை. கேட்டால் மிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

"கழிப்பறை எங்க இருக்கு?" என்றாள்.

"வெளி ஆளுக்கு இல்லம்மா. எதிர்க் காப்பிக்கடைல கேளுங்க."

நன்றி சொல்லித் திரும்பினாள். வீடு வந்துசேரும்வரை கேபோ, காபெஸ், காபே என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அந்தச் சொற்களில் பிழை வராது. அதனால் அவற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு உறை பிரிக்கும் கூட்டம். வகுப்பறையில் முப்பத்துநான்கு தேர்வர்கள், மாணவர் இருக்கைகளில் முழங்காலை இடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். மேடையில் குழுவினர் ஐவர். தோன்யா கசில்தா தாளின் எண்ணையும் மதிப்பெண்ணையும் உரக்கப் படிப்பார். செயலர் அதே எண்ணுள்ள உறையைக் கத்தரித்து, உள்ளிருக்கும் பெயரைப் படிப்பார். எண் அறிவிக்கப்பட்டதற்கும் பெயர் வெளிவருவதற்கும் இடையே கத்தரிக்கோல் ஒலி மட்டும் கேட்கும்.

இருபது உறைகள் பிரிந்தன. இருபத்தெட்டு. நியேவெஸின் பெயர் வரவில்லை. ஒல்விதோவின் பெயரும் வரவில்லை. முப்பத்திரண்டும் முடிந்தபின் மேசையில் இரண்டே தாள்கள் கிடந்தன.

"நாம ரெண்டு பேர்தான் பாக்கி," என்று ஒல்விதோ காதோரம் கிசுகிசுத்தாள். "கல்யாண வீட்டுல கடைசிப் பந்தி மாதிரி."

தோன்யா கசில்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் அணிந்தார்.

"இந்தத் தாளுக்கு மதிப்பெண் இல்ல. எழுதினவர அடையாளம் காட்டுற குறி இருக்கறதால, குழு ஒருமனதா செல்லாதுன்னு தீர்மானிச்சிருக்கு. எங்களுக்கும் வருத்தந்தான்."

அப்படியானால் எழுதித்தான் இருக்கிறது கை. நியேவெஸ் எழப் போனாள். மேசைக்கடியில் ஒல்விதோ அவள் கையைத் தேடிப் பிடித்து இறுக்கினாள்.

"மூச்ச விடுடி. மேல்முறையீடு இருக்கு. நான் கூட வரேன். ரெண்டு பேருமா போவோம். அழாத, இவங்க முன்னால அழாத."

கத்தரிக்கோல் ஒலித்தது. செயலர் சீட்டைப் பிரித்தார்.

"ஒல்விதோ காலெஹா தியெஸ்."

பிடித்திருந்த கை பிடித்தபடியே இருந்தது. சில கணங்களுக்கு இருவருமே அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாதவர்கள் போல மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒல்விதோ எழுந்தாள்.

"அதுல என்ன குறி இருக்கு? நான் பூனையப் பத்தித்தான எழுதினேன்."

தோன்யா கசில்தா தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கடைசி வரிக்குக் கீழே, வலப்புற மூலையில், சுழித்து இழுத்து அடியில் கோடிட்ட அழகானதொரு கையொப்பம்.

ஒல்விதோ நெடுநேரம் அதைப் பார்த்தாள்.

"போன ஊர்ப் பள்ளிக்கூடங்கள்ல ஆறு வருஷம் செயலரா இருந்தேன்," என்றாள் மெதுவாக, யாரிடம் என்றில்லாமல். "கூட்டக் குறிப்பு எழுதுற நோட்டுல ஒவ்வொரு பக்கத்துக்கும் அடில கையெழுத்துப் போடணும். விட்டா நோட்டு செல்லாதுன்னு சொல்வாங்க. கை அதுவா போட்டிருக்கு."

அவள் உட்கார்ந்தாள்.

கடைசித் தாள் பத்துக்கு ஏழு புள்ளி எட்டு. பெயர் நியேவெஸ் அர்ரான்ஸ் போஸா. அதைப் படிக்கும்போது தோன்யா கசில்தா தலையை நிமிர்த்தவே இல்லை. ஊரின் பெயர் தாளில் இருந்ததா, இருந்தும் கண்டும் காணாமல் விட்டாரா என்று நியேவெஸ் பின்னாளிலும் யாரிடமும் கேட்டறியவில்லை. கேட்கும் துணிவு அவளுக்கு வரவுமில்லை.

ஒரு மணி நேரத்தில், பணிக்காலப் புள்ளிகளையும் கூட்டி, இடம் பெற்ற பதினொருவரின் பட்டியலைக் கதவில் ஒட்டினார்கள். அதில் பெயர்கள் இல்லை. அடையாள அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் எழுத்தும் மட்டுமே இருந்தன. நியேவெஸ் கூட்டத்தை விலக்கி முன்னே போய் நின்றாள். கண்ணில் நீர் முட்டியதால் இலக்கங்கள் நீந்தின. ஒன்பதாவது வரி தன்னுடையதா, பத்தாவதா என்று விரல் மேலும் கீழும் அலைந்தது. ஒருமுறை சரி என்று தோன்றியது. மறுமுறை ஏழு ஒன்றாகத் தெரிந்தது.

"தள்ளு, நான் பாக்கறேன்," என்றாள் பின்னாலிருந்து ஒல்விதோ. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். நியேவெஸின் அட்டையை வாங்கிக் கதவோடு சேர்த்து வைத்து, ஒவ்வோர் இலக்கமாக விரல்வைத்துப் படித்தாள். "நாலு. ஏழு. ஏழு. மூணு. எழுத்து 'ஹ'. பத்தாவது எடம்."

"இன்னொரு தடவ படி."

ஒல்விதோ இன்னொரு தடவை படித்தாள். குரல் மூன்றாம் இலக்கத்தில் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து மீண்டும் தொடங்கி, எழுத்துவரை படித்து முடித்தாள். பிறகு அட்டையை நியேவெஸின் கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மூடினாள்.

"உன்னோடதுதான். ஃபெர்மினுக்குப் போன் பண்ணு, சேதி தெரியாத பதட்டத்துல ரொட்டி வேன எங்கயாவது மரத்துல மோதிடப் போறான்."